ஏழாம் நம்பருக்கு ஒரு மிதி

சுகிர்தத்துக்குக் குரல் என்று ஒன்று உண்டு என்பதே அவள் வீட்டில் அநேக நாளைக்கு யாருக்கும் ஞாபகம் வராது. புருசன் பெனடிக்டைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமா, கரண்டியால் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டு. அவர் கொல்லையில் கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவார். பக்கத்து வீட்டு லூர்து மேரிக்குச் சுவரில் ஒரு தட்டு. கோழிகளுக்குத் தகர டப்பா. இப்படி ஆளுக்கொரு தட்டு வைத்துக்கொண்டு ஐம்பது வயது வரைக்கும் அவள் குறையொன்றும் இல்லாமல்தான் இருந்தாள்.

இதற்கெல்லாம் ஒரு தொடக்கம் இருந்தது. சிறுமியாக இருந்தபோது மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் ஒத்திகையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் திடீரென்று கையை எடுத்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பாடச் சொன்னார். இவள் முறை வந்ததும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இவள் தலையைத் தடவி, "நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் வினை. கோபமாகச் சொல்லியிருந்தால் வீம்புக்காவது பாடியிருப்பாள். அன்றிலிருந்து பூசையில் வாயை மட்டும் அசைத்து வந்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு குரல் குறைந்ததால் பாட்டு கொஞ்சமும் குறைந்துபோகவில்லை என்பதுதான் அவளுக்குள் ஆழமாகப் பதிந்துபோன சங்கதி. தான் இல்லாமலும் எல்லாம் நடக்கும். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது, வெயில் நேரத்தில் மரத்தடி கிடைத்தது மாதிரி.

அப்படிப்பட்டவளைத்தான் பிச்சையம்மாள் எல்லோருக்கும் முன்னால் கை நீட்டிக் காட்டி, "இனிமே கூப்புடுறது இவதேன்" என்று சொல்லிவிட்டு, முழங்கால் ஆபரேசனுக்கு மதுரை பஸ் ஏறிவிட்டாள்.

கூப்பிடுவது என்றால் இதுதான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து காலையில் ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளில் ஒன்று கார்த்திக்ராஜுடையது. கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண்களை இறக்கிவிடும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். மற்ற ஜீப்புகளில் இடித்துப் பிடித்து ஏறுவார்கள். இந்த ஜீப்பில் அப்படிக் கிடையாது. முதலில் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்பவள், "கிந்தி கர்!" என்று, அதாவது எண்ணிக்கை சொல் என்று, குரல் கொடுத்துவிட்டு, "ஏக்" என்று தன் எண்ணைச் சொல்வாள். அடுத்தவள் "தோ" என்பாள். அப்படியே தீன், சார், பாஞ்ச், சே என்று ஆறு வரை போகும். ஏழு என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தனை பேரும் சேர்ந்து இடது காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார்கள். அப்புறம் எட்டாமவள் "ஆட்" என்று பிடித்துக்கொள்ள, பன்னிரண்டு வரை ஓடி முடியும். ஆள் பதினொன்று, எண் பன்னிரண்டு. காலையில் ஏறும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஏறும்போது ஒரு தடவை. புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தால் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பழைய சட்டை தேடுவதற்கு முன்னாலேயே அவளுக்கு ஓர் எண் கிடைத்துவிடும்.

அவர்களில் யாருக்கும் இந்தி தெரியாது. இது ஜக்கம்மா கொண்டுவந்த இந்தி.

ஜக்கம்மா இறந்து பல காலம் ஆகிறது. இப்போதைய பெண்களில் பிச்சையம்மாள் ஒருத்திதான் அவளோடு மலையேறி வேலை பார்த்தவள். ஜக்கம்மா பிறந்தது மலேயாவில், ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதினேழு வயதானபோது, வெள்ளைக்காரனை இந்தியாவை விட்டு விரட்ட ஒரு படை திரள்கிறது, அதில் பெண்களுக்கும் தனிப் படை உண்டு என்று கேள்விப்பட்டாள். அப்பன் அடிப்பார் என்று தெரிந்தும் போய்ச் சேர்ந்தாள். முடியைக் கத்தரித்தார்கள். கால்சட்டை கொடுத்தார்கள். கையில் துப்பாக்கி வந்தது. அதுவரை கங்காணியின் நிழலைக் கண்டாலே ஒதுங்கி நின்ற பெண்கள், அதற்கப்புறம் யாரைக் கண்டும் ஒதுங்கவில்லை. ஜான்சி ராணிப் படை என்று பெயர். சிங்கப்பூரில் பயிற்சி, அப்புறம் பர்மா.

முதல் நாள் அணிவகுப்பில் எண் சொல்லச் சொன்னபோது ஜக்கம்மாவுக்குச் சத்தமே வரவில்லையாம். அவளுடைய எண் ஆறு. வரிசையில் அடுத்து நின்ற ஏழாம் நம்பர்க்காரி, செங்கமலம் என்று வேறொரு தோட்டத்துப் பெண், யாருக்கும் தெரியாமல் அவள் முதுகில் ஒரு குத்து விட்டாளாம். "சே" என்று வெடித்துக்கொண்டு வந்ததாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பிரிந்ததில்லை.

படை பின்வாங்கியபோது, மேலே விமானங்களுக்குப் பயந்து பகலெல்லாம் காட்டில் பதுங்கியும் மற்ற நேரம் நடந்தும் வந்தார்கள். வழியில் ஓர் ஆறு. நெஞ்சளவுத் தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடந்தார்கள். கரையேறி எண்ணியபோது ஆறு வரைக்கும் வந்த எண்ணிக்கை ஏழில் நின்றுவிட்டது. மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அங்கேயே நின்றது. நடந்தாக வேண்டும், நிற்க முடியாது. எட்டாமவள் ஏழாக நகர்ந்து வரிசையை நிரப்பட்டும் என்றபோது ஜக்கம்மா மாட்டேன் என்றுவிட்டாள். தரையில் ஒரு மிதி மிதித்து, இது அவளுக்கு என்றாள். மறுநாள் அத்தனை பேரும் மிதித்தார்கள். ஊர் திரும்பி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, மலைக்குக் காய் எடுக்கப் போனபோதும் அந்த எண்ணிக்கையை அவள் விடவில்லை. ஜீப் வராத அந்தக் காலத்தில் கால்நடையாக ஏறிய நாளிலிருந்து பெண்களில் ஒருத்திகூட மலையில் விடுபட்டதில்லை என்பது இந்த ஜீப்பின் பெருமை.

சுகிர்தத்துக்கு இந்தக் கதையில் பிடித்தது துப்பாக்கி இல்லை, ஆறும் இல்லை. பாட்டில் ஒரு குரல் குறைந்தால் தெரிவதில்லை. எண்ணிக்கையில் ஒரு குரல் குறைந்தால் எல்லாமே நின்றுவிடுகிறது. அவள் இத்தனை வருடமும் தன் எண்ணான "தோ"வை முணுமுணுப்பாகச் சொல்லிவந்தாலும், அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போது முதல் எண்ணும் வரிசையின் முன்னிடமும் அவளுக்கு வந்துவிட்டன. ஏன் தன்னை என்று அவள் பிச்சையம்மாளிடம் போனில் கேட்டாள்.

"எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடியே யாரு வரலன்னு உனக்குத் தெரிஞ்சிருதுல்ல" என்றாள் பிச்சையம்மாள். "நீ மொகம் பாக்குறவ. சத்தம் என்ன சத்தம், அது தன்னால வரும்."

அது தன்னால் வரவில்லை. முதல் நாள் காலையில் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். கார்த்திக்ராஜின் ஜீப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பிச்சையம்மாள் காலத்தில் அவன் எஞ்சினை அணைத்ததே இல்லை. அவளுடைய குரல் எஞ்சின்மேல் ஏறிச் சவாரி செய்யும். சுகிர்தத்தின் குரல் அதன் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பெண்கள் விழித்தார்கள். பிறகு லூர்து மேரிதான் வழி கண்டுபிடித்தாள். சுகிர்தத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது அசைந்து நின்றதும் சிம்ரனை இடித்தாள். சிம்ரன், வேலைக்குப் புதிதாக வந்த சின்னவள், "தோ" என்றாள். மற்றதெல்லாம் தன்போக்கில் ஓடியது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஆக, இங்கேயும் வாயசைப்புதான். சுகிர்தம் ஜீப்பின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலேறும் சாலையைப் பார்த்தபடி அதை நினைத்துச் சிரித்தாள். சிரித்த பிறகு, கண் ஓரத்தில் ஈரம் என்னத்துக்கு வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"யக்கா, பிச்சையக்கா போனதுலருந்து வண்டி ரொம்ப அமைதியா இருக்கு" என்று கார்த்திக்ராஜ் முன்னாலிருந்து சொன்னான். "வேணும்னா ஒரு விசில் வாங்கித் தரட்டா?"

"உன் ஹாரனுக்கு மொதல்ல ஒழுங்கா சத்தம் வர வையி" என்றாள் லூர்து மேரி. ஆனாலும் விசில் என்ற பேச்சு பெண்களுக்குள் ஊறியது. இருவர் அது நல்லதுதான் என்றார்கள். இந்த வாரம் போகட்டும், அடுத்த வாரமும் இப்படியென்றால் விசில் வாங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. யாரும் மனம் நோகச் சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பைத்தான் சுகிர்தத்தால் தாங்க முடியவில்லை. எண்பது வருடமாகத் தொண்டை மாறித் தொண்டை வந்த ஒன்று தன் தொண்டைக்கு வந்ததும் விசிலாகப் போகிறதா?

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கியது. மலைக்கு அது புதிதில்லை. ஆனால் அன்று இறங்கியது அடைமழைக்கு முந்தைய மஞ்சு. ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்த சுகிர்தம் நிமிர்ந்தபோது தன் கையையே பாதிதான் கண்டாள். தோட்டத்துச் சூப்பர்வைசர், ஓடையில் தண்ணீர் ஏறுகிறது, தரைப்பாலம் முங்குவதற்குள் ஜீப் தாண்டிவிட வேண்டும், சேச்சிமாரெல்லாம் வேகம் கேறுங்கள், ஜீப்பில் ஏறிப் போய்விடுங்கள் என்று கத்திவிட்டு அடுத்த சரிவுக்கு ஓடினார். பக்கத்தில் இருந்த லூர்து மேரியும் சிம்ரனும் இவளோடு ஒட்டிக்கொண்டு பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் சரிவெங்கும் சிதறிக் கிடந்தார்கள். போனில் டவர் இல்லை.

கார்த்திக்ராஜ் ஹாரன் அடித்தான். அதே நேரம் மேல் தோட்டத்து ஜீப்பும் அடித்தது, கீழ்த் தோட்டத்து ஜீப்பும் அடித்தது. மஞ்சுக்குள் ஹாரன் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. சரிவில் எங்கோ ஒரு பெண், "எங்கிட்டுடி வர?" என்று கேட்டாள். இன்னொருத்தியின் குரல் ஓடைப் பக்கமாக விலகிப் போனது. ஓடைப் பக்கம் போகக் கூடாது.

சுகிர்தம் பாதையின் நடுவில் நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள இன்று யாருக்கும் கண் இல்லை. மஞ்சு எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது. தான் இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்று இத்தனை காலம் அவள் நம்பிவந்த நிம்மதி, அந்த இடத்தில் ஒரு நொடியில் பொய்யாகப் போனது. தான் கூப்பிடாமல் இங்கே ஒன்றும் நடக்காது. பயமாக இருந்தது. ஆச்சரியம், அந்தப் பயத்துக்கு அடியில் சந்தோஷம் போல ஏதோ ஒன்றும் கிடந்தது.

"லூர்து" என்றாள். "என் முதுகுல ஒரு குத்து குத்துடி."

"என்னத்துக்கு?"

"குத்துடின்னா குத்து."

லூர்து மேரி மாவாட்டிய கைக்காரி. கேட்டதற்கு மேலேயே கொடுத்தாள்.

"கிந்தி கர்!"

அது எங்கிருந்து வந்தது என்று சுகிர்தமே திரும்பிப் பார்த்தாள். கரகரப்பாக, அகலமாக, கொஞ்சமும் இனிமையில்லாத குரல். ஆர்மோனியக்காரர் சொன்னது சரிதான், பாட்டுக்கு ஆகாத குரல் அது. மலைக்கு ஆகும். எதிர்ச் சரிவில் முட்டித் திரும்பி வந்தது. ஜீப்பின் ஹாரன் வாயை மூடிக்கொண்டது.

"ஏக்" என்றாள். "தோ" என்றாள் சிம்ரன். "தீன்" என்றாள் லூர்து மேரி. இடது பக்க மேட்டிலிருந்து "சார்" வந்தது. வெகு தூரத்திலிருந்து "பாஞ்ச்". "சே" ஓடைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. வந்த வேகத்தில் அந்தக் கால்கள் மேலே திரும்புவதும் கேட்டது. மூன்று பேரும் பாதையில் ஓங்கி மிதித்தார்கள். சரிவில் நின்ற மற்றவர்களும் ஈரமண்ணில் மிதித்திருப்பார்கள், கேட்கவில்லை. எட்டாம் எண்ணுக்காகச் சுகிர்தம் காதைத் தீட்டினாள்.

"சாத்!"

கீழே, பலா மரங்கள் நிற்கும் பள்ளத்திலிருந்து வந்தது. இளம் குரல். இவர்கள் யாருடைய குரலும் இல்லை. இந்த எண்ணிக்கையில் இதுவரை யாரும் கேட்டிராத எண், ஏழு.

எட்டு சொல்ல வேண்டியவள் வாயடைத்துப் போனாள். லூர்து மேரி மெல்ல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சிம்ரன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தத்தின் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் எண்ணிக்கை நடுவில் நிற்கிறதே என்ற பதைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடி முழுக் குரலில் கூப்பிட்டாள். மறுபடி ஆறு வரை வந்தது. மிதித்தார்கள். "சாத்!" என்று, இந்த முறை அழுகையும் கலந்து, பள்ளத்திலிருந்து பதில் வந்தது. "ஆட்" நடுங்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வரை போயிற்று. குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பாதைக்கு ஏறி வந்தார்கள். அத்தனை பேரும் வந்த பிறகும் யாரும் ஜீப்பில் ஏறவில்லை.

"செங்கமலந்தேன்" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "எம்பது வருசமா நடந்து, இப்பத்தேன் வந்து சேந்திருக்கா."

"ஆத்துக்குள்ள போனவ மலையில எப்படிடி ஏறுவா?"

"படையில இருந்தவ. ஏற மாட்டாளா?"

சுகிர்தம் பள்ளத்துக்குள் இறங்கினாள். மற்றவர்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். பலா மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். ஆண்சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு, சிராய்த்த முழங்கால். இடுப்பில் கட்டிய சாக்கில் காய் சிந்தாமல் இருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்து விறைப்பாக நின்றாள். லூர்து மேரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பேயோ, படைக்காரியோ, வந்தவளைக் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"சாப்ட்டியா ஆத்தா?"

அந்தப் பெண் மளமளவென்று பேசத் தொடங்கினாள். அத்தனையும் இந்தி. எல்லோரும் சிம்ரனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். பேசுடி, பேரே இந்திக்காரி பேருதானே என்றார்கள்.

"அது எங்கப்பா சினிமா பாத்து வச்ச பேரு" என்றாள் சிம்ரன் அழாக்குறையாக. "எனக்குப் பன்னெண்டு வரைக்குந்தேன் தெரியும்."

சிரிப்பு முதலில் லூர்து மேரியிடம்தான் தொடங்கியது. பயந்த பிறகு வரும் சிரிப்பு, நிறுத்த முடியாது. ஒன்றும் புரியாமல் அந்தப் பெண்ணும் சிரித்தாள். அப்போதுதான் பயம் முழுதாக விலகியது. பேய்க்கு இப்படிப் பல் முன்பின்னாக இருக்காது. சுகிர்தம் தன் நெஞ்சைத் தொட்டு "ஏக்" என்றாள். சிம்ரன் தன்னைத் தொட்டு "தோ" என்றாள். ஆறு பேரும் அப்படியே சொல்லிக்கொண்டு வர, அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து, "சாத்" என்றாள். எண்களை வைத்தே அறிமுகம் முடிந்துவிட்டது.

மேலே வந்ததும், திரும்பி வந்திருந்த சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்துச் சொன்னார். பெயர் பூல்மணி. ஜார்கண்டிலிருந்து அக்காவோடு கீழ்த் தோட்டத்துக்குப் புதிதாக வந்தவள். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் மஞ்சு மூடிவிட்டது. அவளுடைய ஆட்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியில் எண்ணுவது கேட்டதும் தன் ஆட்கள்தான் என்று நினைத்தாளாம். ஆறு வரைக்கும் வந்துவிட்டு நின்றதும் பயந்துவிட்டாளாம். ஏழு என்று யாரும் சொல்லவில்லையென்றால் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்களே என்று, அது தன்னுடைய எண் இல்லையென்று தெரிந்தும், தானே சொன்னாளாம்.

சுகிர்தம் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்திருந்தாள். இத்தனை வருடம் மிதித்த மிதியெல்லாம் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். காலியாக வைத்த இடத்தில் ஒருத்தி வந்து ஒதுங்கவும் முடியும் என்று தோன்றவே இல்லை.

பூல்மணியையும் ஏற்றிக்கொண்டு ஜீப் தரைப்பாலத்தைத் தாண்டியது. வளைவுக்கு மேல் பூல்மணியின் ஆட்கள் தங்கும் லயம், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அக்காக்காரி ஓடி வந்து தங்கையை முதலில் அறைந்தாள், அப்புறம் கட்டிக்கொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இறக்கம் முழுக்க ஜீப்புக்குள் ஒரே வாக்குவாதம். ஏழுக்கு ஆள் வந்துவிட்டாளே, இனிமேல் மிதி வேண்டுமா வேண்டாமா? ஜக்கம்மா இருந்திருந்தால் ஒத்துக்கொள்வாளா? கடைசியில் எல்லோரும் சுகிர்தத்தைப் பார்த்தார்கள். உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள்.

"மிதிப்போம்" என்றாள். "அவளுக்கு மிதி. இவளுக்குக் கொரலு."

வீட்டுக்கு வந்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு, பழக்கத்தில் கரண்டியை எடுத்தாள். வைத்துவிட்டாள். "சாப்புட வாங்க!" என்றாள். பெனடிக்ட் கன்றுக்குட்டியின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே, கன்றையும் இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்றார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் ஒரு தட்டு கேட்டது.

திங்கட்கிழமை காலையில் மலை துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. விசிலைப் பற்றி யாரும் பேசவில்லை. லயத்துக்குக் கீழே வளைவு வந்தபோது, ஒருவரும் கேட்காமலே கார்த்திக்ராஜ் ஜீப்பை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். "ஏன்டா அணைச்ச, எனக்கு எஞ்சினெல்லாம் ஒரு பொருட்டா?" என்றாள் சுகிர்தம். பெண்கள் இறங்கி வரிசையாக நின்றார்கள். அவள் மூச்சை இழுத்து, மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஆறு வரை போயிற்று. பதினோரு பேரும் செங்கமலத்துக்காக ஓங்கி மிதித்தார்கள். மேலே, துணி காயப்போட்டிருந்த கொடிக்குப் பின்னாலிருந்து, பல் துலக்குகிற வாயோடு, நுரை தெறிக்க, ஒரு குரல் வந்தது.

"சாத்!"